பத்தாங்காலியிலிருந்து பனிச்சரிவுப் பயிற்சிக்கு

பனியையே கண்டிராத ஊரில் இருந்துகொண்டு பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சிக்குத் தயாராக முடியுமா என்று மலேசியாவிலுள்ள எங்கள் பத்தாங்காலியில் மலையேறும் தம்பி தங்கைகள் கேட்பதுண்டு. நியூசிலாந்தின் தென்தீவில் அடிப்படைப் பயிற்சியை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பனியை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும்; சரிவை இங்கேயே படித்துவிடலாம்.

மலையில் ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை பலகை வகையைச் சேர்ந்தவை. காற்றடித்து இறுகிய மேலடுக்கு, பிடிப்பில்லாத படிகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, ஒருவருடைய எடையே அந்தப் படிகங்களை நொறுக்கி மேலடுக்கை ஒரே பாளமாக நழுவச் செய்யப் போதுமானது. இது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில் நிகழ்வதால், அந்தக் கோணத்தை வரைபடத்திலேயே கண்டுகொள்ளப் பழகுங்கள். 1:50,000 வரைபடத்தில் 100 மீட்டருக்கு ஒன்றாக வரும் தடித்த உயரக் கோடுகளின் இடைவெளி ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் என்றால் சரிவு 30 பாகை. 2 மில்லிமீட்டர் என்றால் 45 பாகை. செம்பனைத் தோட்டத்து மேடுகளில் முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு கைப்பேசியின் கோணமானியால் சரிபார்த்தால் கண் விரைவில் தேறிவிடும்.

2022 டிசம்பர் 16 அன்று எங்கள் வட்டாரத்து மண்சரிவில் 31 பேர் மாண்ட பிறகு, மேட்டடியில் நிற்கும்போது தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மண்ணும் பனியும் வேறு காரணங்களால் சரிந்தாலும் அந்தப் பார்வை அங்கும் வேண்டும். நாம் நடக்கும் பாதை சமதளமாக இருந்தாலும், மேலேயுள்ள செங்குத்துச் சரிவு அறுந்து நம்மீது இறங்கக்கூடும்.

பனிச்சரிவு அபாய அளவுகோலின் ஐந்து படிகளில் மூன்றாவதை நடுத்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். மனிதர் கால் பட்டுப் பனிச்சரிவு கிளம்ப வாய்ப்பு மிகுதி என்பதே அதன் பொருள்.

புதையுண்டவரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன்பின் அது வேகமாகச் சரிகிறது. ஆகவே உடன் வந்தவர்களே மீட்புப் படை. புதையுண்டவரைத் தேடுவதற்காகச் சமிக்ஞை அனுப்பவும் பெறவும் செய்யும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர் கருவி இரண்டை வாடகைக்கோ இரவலாகவோ பெற்று, ஒன்றைத் துணியில் சுற்றிக் காய்ந்த ஓலைக் குவியலுக்குள் ஒளித்துத் தேடுங்கள். கையிலுள்ள கருவியின் அம்புக்குறி நேர்கோட்டில் அல்லாமல் வளைந்தே அழைத்துச் செல்லும். கைப்பேசி அருகில் இருந்தால் குழப்பும். கடைசி மூன்று மீட்டரில் கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, மிக மெதுவாக நகர்த்துவதே கைவர வேண்டிய பழக்கம். அங்கே அடுத்த வேலை துழாவுகோலைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்குவதும், ஆள் தட்டுப்பட்டதும் அதன் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டத் தொடங்குவதும். இதையெல்லாம் தடித்த கையுறையோடு பழகுவது நல்லது; வெறும் விரல்கள் குளிரில் சீக்கிரம் மரத்துப்போகும்.

நம் ஊர் வெப்பத்துக்குப் பழகியவர்கள் குளிருக்கு அஞ்சித் தடித்த உடையோடு ஏறத் தொடங்குவார்கள். உள்ளே வியர்த்து, நின்றவுடன் அந்த ஈரமே உடலை நடுங்கச் செய்யும். பருத்தி உடையைத் தவிர்த்து, மெல்லிய அடுக்குகளாக அணிந்து, ஏறும்போது ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

பயணத் திட்டம் எழுதச் சொன்னால், 30 பாகைக்குக் குறைந்த, தலைக்கு மேலும் செங்குத்துச் சரிவில்லாத மாற்றுப் பாதை ஒன்றையும் சேர்த்தே எழுதுங்கள். காலடியில் பனி 'வும்ப்' என்று அமுங்கினாலோ விரிசல் ஓடினாலோ, குழுவில் யார் திரும்பலாம் என்று சொன்னாலும் அனைவரும் திரும்புவது என்பதையும் புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்துவிடுங்கள்.