செயற்கைக்கோளில் பயிரைக் கண்காணிக்க ஒற்றைப் படம் போதாது

ஒரு வயலின் என்டிவிஐ (செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் பசுமைக் குறியீடு) 0.55 என்று வந்தால் பயிர் நன்றாக இருக்கிறதா? அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. நட்டு ஒரு மாதமான நெல்லுக்கு அது நல்ல அளவு. கதிர் விடும் பருவத்தில் அதே எண் வந்தால் கவலைப்பட வேண்டும். ஜி20 வேளாண் அமைச்சர்கள் 2011இல் தொடங்கிவைத்த, உலகப் பயிர்களைக் கண்காணிக்கும் ஜியோகிளாம் திட்டத்தின் பயிர் அறிக்கைகளிலும் ஒவ்வொரு வட்டாரத்தையும் அதன் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுத்தான் நிலையைச் சொல்கிறார்கள். களத்தில் இருப்பவர்கள் தரும் தகவலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் படங்கள் 2000 முதல் கிடைக்கின்றன. ஆனால் அதன் ஒரு கட்டம் (படத்தின் ஒரு புள்ளி) பக்கத்துக்கு 250 மீட்டர், அதாவது சுமார் 15 ஏக்கர். அமெரிக்க மக்காச்சோள வயல்களுக்கு இது போதும். நம்மூர் அரை ஏக்கருக்கு உதவாது. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தின் 10 மீட்டர் கட்டம் இரண்டரை சென்ட்தான். அதிலும் வரப்போரக் கட்டங்களில் பக்கத்து வயலும் கலந்துவிடும். வயல் எல்லையை 10 மீட்டர் உள்ளே தள்ளி வரைந்துகொள்ளுங்கள்.

அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ. காற்றுமண்டலப் பாதிப்பைத் திருத்திய சென்டினல்-2 படமான எல்2ஏயில் சிவப்புக்கு 4ஆம் பட்டை (ஒளி அலைவரிசை), அகச்சிவப்புக்கு 8ஆம் பட்டை. ஒவ்வொரு கட்டமும் மேகமா, நிலமா என்று எண்ணால் குறிக்கும் வகைப்பாட்டு அடுக்கும் கூடவே வரும்; அதில் 3, 8, 9, 10 என்று குறித்த கட்டங்களை நீக்குங்கள். 8, 9, 10 மேகங்கள்; 3 என்பது மேக நிழல். அதை விட்டுவைத்தால் அங்கே வரும் எண்ணை நம்ப முடியாது.

பலர் இடறுவது அடுத்த இடத்தில். 2022 ஜனவரி 25 முதல் வந்த புதிய முறைப் படங்களில் ஒவ்வொரு மதிப்போடும் 1000 கூடியிருக்கிறது. சிவப்பு 1400, அகச்சிவப்பு 5000 என்றால் 1000 கழித்தபின் என்டிவிஐ 0.82. கழிக்காவிட்டால் 0.56. எந்தக் குறையும் இல்லாத பயிர் 2022இல் திடீரென்று வாடியதாகக் காட்டும்! செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில், இந்த 1000ஐச் சரிசெய்த 'ஹார்மனைஸ்டு' தொகுப்பை எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயல்கள் மேகத்துக்கு அடியில் கிடக்கும். அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார்தான் கைகொடுக்கும். நடவுக்கு நீர் கட்டிய வயலில் அலை ரேடாருக்குத் திரும்பாமல் விலகிப்போவதால் விஎச் மதிப்பு (செங்குத்தாக அனுப்பி, கிடைமட்டமாகப் பெறும் எதிரொலியின் அளவு) நன்றாகக் கீழே இறங்கும்; தூர் கட்டி வளர வளர ஏறும். செயற்கைக்கோள் வடக்கு நோக்கி மேலேறும் பாதையில் எடுத்த படத்தையும் தெற்கு நோக்கி இறங்கும் பாதையில் எடுத்ததையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள், பார்க்கும் கோணம் வேறு. வளர்ந்த பயிர் வெள்ளத்தில் மூழ்கினாலும் விஎச் இதேபோல் சரியும். நடவுத் தேதி தெரிந்தால்தான் இது நடவா, வெள்ளமா என்று பிரிக்க முடியும்.