பெரிய சனி இரவில் மோசேயின் பாடல்

யாழ்ப்பாணம் புனித மரியன்னை பேராலயப் பாடகர் குழாமில் நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் மூன்றாம் வாசகத்தை அடுத்து வரும் பாடலைத் தனித்துப் பாடும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அந்த இரவுக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் குறிக்கப்பட்டுள்ளன. தேவை கருதிச் சிலவற்றை விடலாம். ஆனால், எகிப்திலிருந்து தப்பிய இஸ்ரயேல் மக்கள் மோசேயோடு செங்கடலைக் கடந்ததைச் சொல்லும் விடுதலைப் பயண வாசகத்தை ஒருபோதும் விடுவதில்லை. மோசேயும் மக்களும் ஆண்டவரைப் புகழ்ந்து பாடினர் என்று வாசகம் முடியும் இடத்தில் அந்தப் பாடலே தொடங்கிவிட வேண்டும் என்பதால், பாடுபவருக்குத் தாளைப் புரட்டவும் நேரமிராது.

விபூதிப் புதனுக்குப் பின் பயிற்சி தொடங்கியது. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ பாடலுக்குப் பின் திருவிழிப்பில் அதே பாடல் வரும்வரை, பாடுபவர்களின் குரலைத் தாங்குவதற்கு மட்டுமே ஓகன் வாசிக்கலாம். எங்கள் பொறுப்பாளர் அக்கா அந்தத் துணையையும் வேண்டாமென்றார். ஓகனோடு சரியாகப் பாடிய நான், அது இல்லாதபோது ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்தித் தொடங்கினேன். என் குரலுக்கு அது வசதியாகவே இருந்தது. எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடும் பதிலுரையை எடுக்க வேண்டிய மற்றவர்கள்தான் இரண்டாம் அடியிலேயே திணறினார்கள். 1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, பேராலயங்களில் பாடகர் குழாம்களைச் சிறப்பாக வளர்க்கச் சொல்கின்ற அதே பத்தியில், மக்கள் தமக்குரிய பங்கைப் பாட முடிவதை உறுதிசெய்யவும் சொல்கிறது. மக்களால் எட்ட முடியாத சுருதியில் நான் எவ்வளவு அழகாகப் பாடினாலும் அது பேராலயப் பாடகரின் வேலை ஆகாது என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

சுருதியை இறக்கிய பின்னும் ஏதோ பொருந்தவில்லை. குழாமின் மூத்த பாடகியான அன்ரி ஒருவர், போரால் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரேயடியாக வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மழையில் நனைந்து, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, தம் கையெழுத்துப் பாட்டுக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வந்தவர். அந்தக் கொப்பியை இன்றும் பயிற்சிக்குக் கொண்டுவருகிறார். ஒரு மாலை அவர் என்னை அருகில் இருத்தி, “பிள்ளை, இதை வெண்டவையின்ர ஆரவாரமாப் பாடாதேங்கோ. கரையேறினவை மூச்சு வாங்கிக்கொண்டு பாடுற பாட்டு இது” என்றார். அதன்பின், முதல் அடியைத் தாழ்ந்த குரலில், சொற்களுக்கிடையே மூச்சுக்கு இடம்விட்டுத் தொடங்கிப் பழகினேன்.

திருவிழிப்பு அன்று, வாசகர் கடைசி வரிக்கு வந்தபோது, அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி ஆதார சுருதியை முனகினார். நான் தொடங்கினேன். பதிலுரையை மக்கள் எடுத்த வேகத்தையும் கனத்தையும் எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை; முன் வரிசையில் நின்ற முதியவர்களின் குரல்கள்கூட எங்கும் தடுமாறவில்லை. பின்னர் மணிகள் ஒலிக்க ஓகன் திரும்பியது. தவக்காலம் முழுவதும் பாடப்படாத அல்லேலூயாவைக் குருவானவர் ஒவ்வொரு படியாக உயர்த்தி மூன்று முறை தொடங்க, நாங்கள் எல்லோரும் அதைத் திருப்பிப் பாடினோம்.

பூசை முடிந்து விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது, அன்ரி கொப்பியைத் திறந்து, மூன்றாம் அடியில் நான் அவசரப்பட்டு மூச்சுவிட மறந்த இடத்தில், அடுத்த ஆண்டுக்கென்று பென்சிலால் ஒரு சிறு கோடு இட்டார்.