பழைய போர் விமானத்துக்கும் கிராக்கி உண்டு
டென்மார்க் 1980-இல் தன் விமானப்படையில் சேர்த்த எஃப்-16 ரகப் போர் விமானங்களைக் கழித்துவிட்டு, புதிய எஃப்-35 ரகத்துக்கு மாறுகிறது. பழையவை எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. 24 விமானங்களுக்கு 2024-இல் அர்ஜென்டினா ஒப்பந்தம் போட்டது. 2015-இல் மிராஜ் ரகப் போர் விமானங்கள் ஓய்வு பெற்றதிலிருந்து அப்போதுவரை அந்த நாட்டிடம் ஒலியை மிஞ்சும் போர் விமானமே இருக்கவில்லை. நார்வேயும் இப்படித்தான் 32 எஃப்-16-களை ருமேனியாவுக்கு விற்றது.

விற்பவர் மட்டும் நினைத்தால் போதாது, தயாரித்த அமெரிக்காவும் சம்மதிக்க வேண்டும். அர்ஜென்டினாவுக்குச் சீனா ஜேஎஃப்-17 என்ற போர் விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, அதனால் அமெரிக்கா தலையாட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, விற்பவருக்கு என்ன லாபம்? என்னைக் கேட்டால், கைக்கு வரும் பணத்தைவிட இரண்டு ரகங்களுக்கும் தனித்தனி உதிரிபாகம், தனிப் பயிற்சி, தனி மெக்கானிக்குகள் என்று அழும் செலவு மிச்சமாவதுதான் பெரிது. வாங்கியவர் இனி ஓடுதளம், விமானிப் பயிற்சி, ஆயுதம் எல்லாவற்றுக்கும் பட்ஜெட் போட வேண்டும்.