எல்லாமே பெல்ஜியம்தான்

வேலூர் பக்கம் பழம்பொருள் வாங்கி விற்கும் எனக்கு அடிக்கடி காதில் விழும் பெயர் பெல்ஜியம். ஆற்காடு, ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் கண்ணாடி என்றால் பெல்ஜியம்தான். இன்னும் கொஞ்சம் மதிப்பு கூட்ட வேண்டுமென்றால் நவாப் வீட்டுச் சாமான் ஆகிவிடும். ஆற்காட்டு நவாப் 1768-லேயே சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு போய்விட்டாரே என்றால் யாருக்கும் ரசிப்பதில்லை. பெல்ஜியத்துக்காவது ஒரு நியாயம் உண்டு. அங்கிருந்து நிலைக்கண்ணாடிகள் நிறைய வந்தன, செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் இருக்கின்றன. அந்தப் பெயர் கிண்ணம், குடுவை, விளக்கு என்று எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். கட்டில், பீரோ எல்லாம் மளமளவென்று முடிந்தது. சிக்கல் ஒரு சிவப்புக் கிண்ணத்தில். சிவப்புக்கு நடுவே பட்டை தீட்டிய இடமெல்லாம் நிறமில்லாமல் வெள்ளையாகத் தெரியும், அடியில் நட்சத்திர வெட்டு. சென்னைப் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்த அவர்கள் தாத்தா வாங்கி வந்ததாம். "பெல்ஜியம்தானே தம்பி? எழுதிக் கொடுத்துடு" என்றார் வீட்டுப் பெரியவர். "பார்த்துட்டுச் சொல்றேன் பாய்" என்றேன்.

முதலில் விரலால் தடவ வேண்டும். அச்சில் வார்த்த கண்ணாடியில் பட்டையின் ஓரம் மழுங்கி இருக்கும், அச்சு சேர்ந்த கோடும் பெரும்பாலும் எங்காவது அகப்படும். இதில் கோடு இல்லை, ஓரமெல்லாம் கூர்மை. சாணைச் சக்கரத்தில் வெட்டியதுதான்.

அப்புறம் நிறம். இங்கேதான் லென்ஸ் வேண்டும். ஒரு நிறக் கண்ணாடியின் மேல் இன்னொன்றைப் போர்த்திச் செய்திருந்தால், வெட்டின் சரிவில் அந்த மேல் அடுக்கு ஒரு பட்டையாகக் கனத்துடன் தெரியும். இந்தக் கிண்ணத்தில் சிவப்புக்குக் கனமே இல்லை. வெங்காயத் தோல் மாதிரி மேலோடு முடிந்துவிட்டது. விளிம்பில் கைபட்டுத் தேய்ந்த இடத்தில் சிவப்பு போய் வெள்ளை எட்டிப் பார்த்தது. இது செப்புச் சேர்மத்தைப் பூசிச் சூளையில் சுட்டு ஏற்றும் சாயம். பொஹீமியாவில் ஃப்ரீட்ரிஷ் எகர்மான் என்பவர் 1830-களில் இந்தச் சிவப்பைக் கொண்டுவந்தார். அவர் தொழில் செய்த ஹைடா, இன்று செக் குடியரசில் நோவி போர் என்ற ஊர்.

சாயத்தை மட்டும் வைத்து ஊர் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவிலும் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள், ஆனால் அது பெரும்பாலும் அச்சில் வார்த்த சாமான். மிச்சத்தை எடை சொல்லும். இங்கிலாந்தில் 1674-இல் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற கண்ணாடிக்காரர் காப்புரிமை வாங்கியதிலிருந்து உயர்ந்த கண்ணாடி என்றால் ஈயம் கலந்தது. பெல்ஜியத்தின் பெயர்பெற்ற வால் சாம் லாம்பேர் ஆலையின் நல்ல சாமானும் ஈயக் கண்ணாடிதான். பொஹீமியாக்காரர்கள் மரச்சாம்பல் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்தார்கள். ஈயம் நிறைய இருந்தால் அடர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு எடை என்பது, 3-ஐ ஒட்டி வரும், இல்லையென்றால் 2.5 பக்கம் நிற்கும்.

தட்டிப் பார்த்தால் மணி மாதிரி ஒலித்தால் ஈயம் என்பார்கள். கிண்ணத்தின் வடிவத்தைப் பொறுத்து ஒலி மாறும், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நகைக்கடைக்காரர்கள் செய்வதைத்தான் செய்தேன். தூக்கித் தொங்கவிடும் தராசில் நைலான் கயிறு கட்டி எடை போட்டேன்: 1,050 கிராம். பிறகு வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்கவிட்டேன். கிண்ணத்துக்கு அடியில் காற்று தங்கிவிடும், சாய்த்து வெளியேற்றாவிட்டால் கணக்கே கெட்டுப்போகும். தண்ணீரில் 630. குறைந்த எடை 420. 1,050-ஐ அதால் வகுத்தால் 2.5, ஈயக் கண்ணாடி இல்லை. சுற்றி நின்ற பேரப்பிள்ளைகளுக்கு இது நல்ல வேடிக்கை.

அடியில் முத்திரை இல்லை. அமெரிக்கா 1890-இல் போட்ட சட்டத்தால் அங்கே போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு வந்ததில் அதை எதிர்பார்க்க முடியாது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்திருந்தால் 1918-க்குப் பிந்தியது என்றாவது சொல்லலாம். ஒட்டியிருந்த காகிதமெல்லாம் முதல் கழுவலிலேயே போயிருக்கும். அடி வளையத்தில் மட்டும் நுண்ணிய கீறல்கள், திசைக்கொன்றாக. உப்புத்தாள் போட்டுப் பழசாக்கியிருந்தால் கோடுகள் ஒரே பக்கம் ஓடும். இது மேஜையில் உட்கார்ந்து, இழுபட்டு, வருஷக்கணக்கில் வந்த தேய்மானம்.

"பொஹீமியா, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 20-இன் தொடக்கம், ஆலை தெரியாது" என்று எழுதினேன். பெரியவர் படித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். மருமகன் என்னைத் தனியே அழைத்து, சென்னையில் ஒருவர் பெல்ஜியம் என்றால் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு வரிதானே என்றார். அந்த ஒரு வரிக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எழுதவில்லை. அவர் முகம் சுருங்கியது, என் கூலியும் கொஞ்சம் சுருங்கியது.

கடைசியில் கிண்ணம் மகளின் பங்குக்குப் போனது. விளிம்பைக் காட்டி, "இனிமே புளி போட்டுத் தேய்க்காதீங்கம்மா, மிச்சச் சிவப்பும் போயிடும்" என்றேன்.

"புளியா? சாம்பல்தான் போட்டோம்" என்றார்.