பழைய ஜிப்ஸி வாங்கப் போறீங்களா? முதலில் கீழே படுத்துப் பாருங்க

புதுப் பெயின்ட் மின்னுகிற ஜிப்ஸியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மாருதி, நான்கு சக்கரமும் இழுக்கிற (4x4) இந்த வண்டியை 1985 கடைசியில் கொண்டுவந்தது. 2019-க்குப் பிறகு பொதுமக்களுக்குப் புது வண்டி கிடையாது. இன்று விற்பனைக்கு நிற்பதில் பாதி, மலைத்தோட்டத்திலோ ராணுவத்திலோ ராலியிலோ நன்றாக அடிபட்டு, டிங்கரிங் பட்டறை வழியாக வந்தது. ஆகவே மேலே என்ன கலர் என்பதை விடுங்கள். கீழே என்ன ஒழுகுகிறது என்பதை வைத்து விலை பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது பழைய பாய், டார்ச், சின்னக் காந்தம், தட்டை ஸ்குரூ டிரைவர், ஒரு ஜாக்கி போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. முன்பக்கத் தரையில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பாடியை ஃபிரேமோடு (அடிச்சட்டம்) பிடிக்கிற ரப்பர் மவுன்ட்களைச் சுற்றியும், பின்பக்க ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்குகிற ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடத்திலும் ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். பாடி துருவுக்கு ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஃபிரேமில் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது முன் அச்சில். சக்கரத்துக்கு உட்புறம் உருண்டையாக ஒரு பாகம் தெரியும், அதுதான் ஸ்டியரிங் நக்கிள். அதன் மேல் லேசாகக் கிரீஸ் படிந்திருப்பது சகஜம். கிரீஸ் தண்ணீராகக் கரைந்து டயரின் உள்பக்கம் வழிந்திருந்தால், அச்சின் உள் ஆயில் சீல் போய்விட்டது. அச்சின் நடுவில் இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியலின் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கிறது. சீல் விலை சொற்பம். ஆனால் மாற்ற நக்கிளை முழுதாகப் பிரிக்க வேண்டும், கூலிதான் அதிகம். பிரிக்கும்போதே, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது நக்கிள் எதன்மேல் திரும்புகிறதோ அந்தக் கிங்பின் பேரிங்கையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

அந்தப் பேரிங்கைச் சோதிப்பது எளிது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். ஓட்டும்போது 60 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஸ்டியரிங் வெடவெடவென்று உதறுகிற ஜிப்ஸிகள் நிறைய உண்டு. "வீல் பேலன்ஸ் பண்ணினா போயிடும் சார்" என்பார்கள். சில நேரம் போகும். பெரும்பாலும் கிங்பின் பேரிங்கோ, ஸ்டியரிங் கம்பியின் மூட்டான டை ராட் எண்டோ தேய்ந்திருக்கும். உதறலை அமுக்குகிற ஸ்டியரிங் டாம்பரைப் புதிதாகப் போட்டு அதை மறைத்திருப்பார்கள்.

அடுத்தது ஹப், அதாவது முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கவும் விலக்கவும் செய்கிற பாகம். முன் சக்கர நடுவில் ஃப்ரீ, லாக் என்று திருகும் வளையம் இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்று லாக்கிலும் மற்றொன்று ஃப்ரீயிலும் இருந்தால், முன் டிஃபரன்ஷியல் எளிதாகச் சுற்றுகிற பக்கத்துக்கே சுழற்சியை அனுப்பும். அந்தப் பக்க அச்சு உள்ளே வெறுமனே சுற்றும், முன் சக்கரம் எதுவும் இழுக்காது. சோதிக்க, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, 4x4 லீவரை 2H-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) விட்டு, இரண்டு ஹப்பையும் லாக் செய்து ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் கூடவே சுற்றினால் ஹப் பிடிக்கிறது. தூக்கிய பக்கத்தை ஃப்ரீக்கு மாற்றினால் ஷாஃப்ட் நிற்க வேண்டும். அடுத்த பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள்.

பிறகு மண் தரையில் 4L, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை. வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்துப் போடுங்கள். முதல் கியரில் ஒரு சரிவில் இறங்கி ஆக்சிலரேட்டரை விட்டால் 4x4 லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வருகிறதா? அப்படியானால், சுழற்சியை இரு அச்சுக்கும் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸில் வேலை காத்திருக்கிறது. இந்த வண்டியில் அது கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிற பெட்டி. அதன் ரப்பர் மவுன்ட் கிழிந்தாலும் அதிர்வு வரும், அது சின்னச் செலவுதான். அதனால் முதலில் மவுன்ட்டைப் பாருங்கள். 4L-இலேயே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டம் போடும்போது முன்னால் "கட் கட்" என்று சத்தம் வந்தால் சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்துகிற வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

இதையெல்லாம் தார் ரோட்டில் செய்யாதீர்கள். முன், பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும், ஆனால் 4H-இலும் (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) 4L-இலும் இரு அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தாரில் முறுக்கு ஏறி லீவர் இறுகிவிடும். அப்படி இறுகினால் லீவரை முரட்டுத்தனமாக இழுக்காமல், சில மீட்டர் நேராகப் பின்னால் எடுங்கள். முறுக்கு இறங்கி லீவர் தானாக வரும்.

இன்ஜினில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1996-இல் வந்த 1.3 லிட்டர் 'கிங்' போதும். கிடைத்தால் 2000-ஐ ஒட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சி அனுப்பும் வகை) இன்னும் நல்லது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் வாங்கியவுடன் மாற்றுங்கள்.

டீசல் இன்ஜின் மாற்றிய ஜிப்ஸியை மட்டும் ஆசைப்பட்டு வாங்காதீர்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருந்து பானெட்டுக்குள் டீசல் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, எதுவரை என்றும் பாருங்கள். ஃபிரேமில் பொறித்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ராணுவ ஏல வண்டி என்றால் ஏலக் காகிதம் கைக்கு வரும்வரை முன்பணம் வேண்டாம்.

டயர் விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். கம்பெனி டயரான 205/70 R15-க்குப் பதில் 235/75 R15 போட்டால் விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து 733-க்குப் போகிறது, கிட்டத்தட்ட 10 சதவீதம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். ஏற்கெனவே மெலிந்த இன்ஜினுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஒடிக்கும்போது டயர் ஸ்பிரிங்கிலும் ஃபெண்டரிலும் உரசும். மணலில் ஏற வேண்டுமென்றால் பெரிய டயரைவிட, உள்ள டயரில் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது அதிகம் உதவும். திரும்ப ஏற்ற 12 வோல்ட் பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும். குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகம் பிடித்தால் டயரின் பக்கச்சுவர் சூடாகிக் கெட்டுவிடும்.

வாங்கிய முதல் வாரத்தில் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு அச்சு என எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் ஊற்றும் துளையின் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழ் போல்ட்டைத் தொடுங்கள். ஆயிலை இறக்கிவிட்டு மேல் போல்ட் இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும். சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையில் வழியத் தொடங்கும் வரை ஊற்றினால் அளவு சரி. இறக்கிய ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான அச்சு ஆற்றில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அச்சின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதரில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி, ஸ்டியரிங்கும் அச்சும் அசைவதற்கு இடம் விட்டு, இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.