முதலில் 14, அப்புறம் 19: கனடா குடியுரிமைத் தேர்வில் என்னைக் கவிழ்த்த சஸ்காச்சுவான்

நேற்று இரண்டாவது தடவை எழுதி 19 வாங்கிவிட்டேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: முதல் தடவை 14. 20க்கு 15 எடுக்க வேண்டும், ஒரே மதிப்பெண்ணில் போச்சு. சஸ்காச்சுவான் மாகாணத்துச் சாஸ்கடூன் நகரில் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறவனைக் கவிழ்த்தது செனட்டும் இல்லை, ஆளுநரும் இல்லை, இதே ஊர்ப்பக்கத்துச் சரித்திரம்.

ஒரு செயலியை வைத்துக்கொண்டு 1869, 1870, 1885, 1905 என்று ஆண்டுகளை மட்டும் உருப்போட்டேன். செயலியில் தினமும் 20/20. தேர்வில் எது மனிடோபா, எது சஸ்காச்சுவான் என்று தலை சுற்றிவிட்டது. மெட்டி (பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சம்) மக்களின் தலைவர் லூயி ரியெல் இரண்டு தடவை வருகிறார், அதுதான் சிக்கல்.

1869இல் ஹட்சன் விரிகுடா கம்பெனியிடமிருந்து மேற்கு நிலத்தைக் கனடா வாங்கியபோது, அங்கே இருந்த மெட்டி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரியெல் தலைமையில் செவ்வாற்றங்கரையில், அதாவது இன்றைய வின்னிபெக்கில் எழுந்தார்கள். 1870இல் மனிடோபா பிறந்தது, ரியெல் அமெரிக்காவுக்குத் தப்பினார். அது முதல் தடவை. அப்புறம் கேப்ரியல் டூமோன் என்ற இன்னொரு மெட்டி தலைவர் போய்க் கூப்பிட்டு, ரியெல் திரும்பி வந்து 1885இல் மறுபடி எழுச்சி. இந்தத் தடவை சஸ்காச்சுவான். பட்டோஷ் என்ற ஊரில் தோற்றார்கள், நவம்பரில் ரெஜைனாவில் ரியெலைத் தூக்கிலிட்டார்கள். மாகாணம் ஆனது இன்னும் இருபது வருடம் கழித்து, 1905 செப்டம்பர் 1, ஆல்பர்ட்டாவும் அதே நாளில்.

தேர்வில் நான் தோற்ற வாரம் பட்டோஷுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன், சாஸ்கடூனிலிருந்து ஒரு மணி நேரம்தான். பாதிரியார் வீட்டுச் சுவரில் குண்டு துளைத்த தடம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு 1885 குழம்பவே இல்லை. (என் மனைவி எங்கும் போகாமல் சமையலறையிலேயே மனப்பாடம் செய்து 20 வாங்கினாள். அது வேறு கதை.)

மற்றதெல்லாம் சுருக்கமாக:

- கோதுமையோடு நிறுத்தாதீர்கள். நாட்டின் விளைநிலத்தில் 40 சதவீதம் இங்கேதான், ஆனால் பொட்டாஷும் (உரத்துக்கான தாது) யுரேனியமும் அதே அளவு முக்கியம். நாம் குழம்பு வைக்கிற மைசூர் பருப்பும் இங்கே விளைந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறது. பாடத்தில் இல்லை, எனக்கு ஞாபகம் வைக்க உதவியது.
- பெரிய நகரம் சாஸ்கடூன், தலைநகர் ரெஜைனா. குதிரைப் போலீஸ் (கனடாவின் தேசியப் போலீஸான RCMP) பயிற்சியும் ரெஜைனாவில்தான்.
- அரசு மருத்துவக் காப்பீடு என்றால் அதற்கு வித்திட்ட மாகாண முன்னாள் முதல்வர் டாமி டக்ளஸ். 1962 ஜூலையில் அது அமலானபோது மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அப்போது அவர் மாகாண முதல்வர் பதவியிலேயே இல்லை.
- 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் என்று அந்தக் காலத்தில் குடியேறிகளுக்கு நிலம் கொடுத்த திட்டம். வயலுக்கு நடுவே வெங்காயக் கூம்பு வைத்த உக்ரைனியத் தேவாலயம் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 45 நிமிடம் தாராளம். முதல் தடவை நான் 11 நிமிடத்தில் முடித்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பட்டோஷ் சரித்திரத் தலம் கோடையில்தான் திறந்திருக்கும், ஜனவரியில் தேதி வந்தவர்கள் என் மனைவியின் வழியில் போங்கள்.