திருப்பி வாங்கிய கம்மல்

"காசு பணத்துலயா சந்தோஷம் இருக்கு?" என்று யாராவது சொன்னால், அவரை ஒரு நாள் வங்கியின் நகைக்கடன் கவுண்டரில் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றும். அம்பாசமுத்திரம் வட்டாரக் கிளைகளில் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அந்தக் கவுண்டரில்தான் போனது.

இந்தப் பக்கம் நகைக்கடனுக்கும் பருவம் உண்டு. பாபநாசம் அணைத் தண்ணீர் வந்து பிசான நெல் நடவு தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் நகை உள்ளே வரும். மாசி, பங்குனியில் அறுத்து, நெல்லைப் போட்டுக் காசு கைக்கு வந்ததும் வெளியே போகும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் மறுபடி உள்ளே. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு அறுவடை ஏது? வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்து மாற்றி வைத்து, அவர்கள் நகை வருஷக்கணக்கில் வங்கியிலேயே கிடக்கும்.

கொரோனா சமயம், 2020 ஆகஸ்டில், விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் என்றிருந்த வரம்பை ரிசர்வ் வங்கி அடுத்த மார்ச் வரை 90 ஆக்கியது. கூடுதலாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வந்தவர்களை நான் பார்க்கவில்லை. கூட வாங்கினால் கூடத் திருப்ப வேண்டுமே!

கம்மலை வைத்த பெண்கள் காதுத் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருப்பார்கள். திருப்புகிற அன்று கவர் பிரித்து, எடை பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் வீடு போகிற வரை பொறுக்காது. ஒரு அக்கா கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே குச்சியை உருவி என் மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமலே ஒரு காதில் திருகாணியை முடுக்கிவிட்டார். மற்றதில் மரை பிடிக்கவில்லை; பின்னால் நின்ற அம்மா மாட்டிவிட்டார். "இனி ராத்திரி கணக்குப் போடாம ஒறங்குவேன் தம்பி" என்றார் அந்த அக்கா.

பணம் தருவது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். தலைக்குள் ஓயாமல் ஓடும் கணக்கை நிறுத்துகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களிடம் ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன், அடகும் கடனும் நெருக்கிய மாதங்களில், அவர்களால் அவ்வளவாகச் செய்ய முடியவில்லை. காசு வந்தபின் அதே மனிதர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏழைக்குத் திட்டமிடத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

வசதி உள்ளவர்களும் வருவார்கள். டெபாசிட் வட்டி கால் சதவீதம் குறைந்ததற்கு அரை மணி நேரம் வருத்தப்படுவார்கள். பொய்யான வருத்தம் இல்லை, ஆனால் ஈர்க்குச்சியோடு வந்தவரின் கவலையோடு அதைச் சேர்த்து வைக்க எனக்கு மனம் வராது. ஒரு அளவுக்குமேல் சம்பளம் கூடினாலும் அன்றாட மகிழ்ச்சி கூடாது என்று 2010இல் அமெரிக்காவில் எழுதிய உளவியல் அறிஞர் டேனியல் கானமனே, 2023இல் மாற்றுக் கருத்துக்காரரோடு சேர்ந்து மறுபடி ஆராய்ந்து, பெரும்பாலோருக்குக் கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். இருக்கலாம். நான் பார்த்தது கீழ்ப்படியில் நடப்பதை. அங்கே கொஞ்சம் பணமே நிறையச் செய்கிறது.

அதனால்தான் நகை வைக்க வருகிறவர்களிடம், "எல்லாத்தையும் ஒரே கடன்ல வைக்காதீங்க, கம்மலைத் தனியா வைங்க, சங்கிலியைத் தனியா வைங்க" என்பேன். சின்னக் கடனை முதலில் அடைத்துவிடலாம், ஒரு பொருளாவது சீக்கிரம் வீட்டுக்கு வரும். கிளைக்கு இரட்டை வேலைதான். சில மேலாளர்களுக்குப் பிடிக்காது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஃபாரத்தை நீட்டுவதற்கு முன், எதை முதலில் திருப்பப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.